கடற்படை வாரண்ட் அதிகாரி

கடற்படைக் கப்பலில் கமிஷன் பெற்ற அதிகாரிகளுக்கு அடுத்த படியிலும் மற்ற மாலுமிகள் அனைவருக்கும் மேலேயும் இருக்கும் தரம் வாரண்ட் அதிகாரி. கமிஷன் என்பது நாட்டின் தலைவர் பெயரால் வழங்கப்படுவது. வாரண்ட் என்பது கடற்படையை நிர்வகிக்கும் துறை கொடுக்கும் நியமனச் சீட்டு. பாய்மரக் காலம் தொட்டு, கைத்தொழில் அறிந்து ஆண்டுக்கணக்கில் கப்பலிலேயே பழகி மேலே வந்தவர்களின் தரம் இது. இந்தியக் கடற்படையில் இப்போது இந்தப் பெயர் வழக்கில் இல்லை. அந்த இடத்தில் மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர் என்ற தரம் இரண்டு வகுப்புகளாக இருக்கிறது.

திண்டுக்கல்லிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனாலும் இந்தத் தரத்தின் வரலாற்றை இந்த ஊரில் நின்றுகொண்டு பார்ப்பதற்கு நியாயம் உண்டு. கடல் அறிவை மதிக்கத் தவறியதால் ஒரு கப்பற்படையையே இழந்த ஹைதர் அலி, தன் படைத்தொழிலைப் பெருக்கிக்கொண்டது இங்கேதான். மலைக்கோட்டையைப் பிடிக்க வந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிப் படையில் கடலோடிகளின் பதவிப் பெயர்கள் கலந்திருந்தன. இவை இரண்டையும் பின்னால் பார்ப்போம்.

தோற்றம்

இடைக்கால இங்கிலாந்தில் அரசருக்கென்று நிலையான கடற்படை கிடையாது. போர் வந்தால் துறைமுக நகரங்கள் வணிகக் கப்பல்களை ஆட்களோடு அனுப்பிவைக்கும். அந்தக் கப்பல்களில் ஏற்கனவே நால்வர் இருந்தார்கள்: கப்பலைச் செலுத்தும் மாஸ்டர், பாயும் கயிறும் நங்கூரமும் பார்க்கும் போசன், தச்சர், சமையல்காரர். சண்டைக்காகப் பிரபு ஒருவர் தன் வீரர்களுடன் வந்து ஏறுவார். அவருக்குக் கடல் தெரியாது, தெரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. எங்கே போய் யாரோடு மோதுவது என்று அவர் சொல்வார். போய்ச் சேர்ப்பது அந்த நால்வரின் வேலை.

பிறகு நிலையான கடற்படை வந்தது, கேப்டனும் லெப்டினென்ட்டும் வந்தார்கள். அவர்களுக்குக் கமிஷன் கிடைத்தது. கப்பலை உண்மையில் அறிந்திருந்த மற்றவர்களுக்குக் கடற்படை வாரியம் வாரண்ட் கொடுத்தது. பீரங்கிக்குப் பொறுப்பான கன்னருக்கு மட்டும் ஆயுதத் துறை தனியாகத் தேர்வு வைத்து வாரண்ட் கொடுத்தது. லெப்டினென்ட் ஆக ஒரு தேர்வில் தேற வேண்டும் என்ற விதி 1677இல்தான், கடற்படை நிர்வாகி சாமுவேல் பீப்ஸின் முயற்சியால் வந்தது. பரம்பரைச் செல்வாக்கோடு வந்தவர்களும் கடலைக் கொஞ்சமாவது கற்கட்டும் என்பதே அதன் நோக்கம். வாரண்ட்காரர்களிடம் அந்தக் கேள்வியே எழவில்லை. தொழில் தெரியாமல் அவர்கள் அந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது.

போசன், கன்னர், தச்சர் மூவரையும் கப்பலின் நிலை அதிகாரிகள் என்றே கருதினார்கள். போர் முடிந்தால் கேப்டன் கரையேறிவிடுவார், மாலுமிகளுக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். பாயும் பாய்மரமும் கழற்றப்பட்ட கப்பல் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கில் கட்டிக் கிடக்கும். அப்போதும் இந்த மூவரும் அதிலேயே இருந்தார்கள். மனைவி மக்களோடு கப்பலிலேயே குடியிருந்தவர்களும் உண்டு. ஒரு கப்பலின் எந்தப் பலகை எப்போது மாற்றப்பட்டது, எந்த இடத்தில் கசியும், எந்தப் பாய்மரம் காற்றுக்குத் தாங்காது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: முதலாளிகள் மாறலாம், பட்டறையின் கை மேஸ்திரியிடம் இருக்கும்.

மாஸ்டர், மருத்துவர், பர்சர், பாதிரியார் ஆகியோரும் வாரண்ட்காரர்களே. இவர்களில் பர்சரின் நிலை விசித்திரமானது. உணவும் துணியும் மெழுகுவத்தியும் அவர் பொறுப்பு. ஆனால் அவருக்குப் போதிய சம்பளம் கிடையாது, கொடுப்பதில் மிச்சம் பிடித்துப் பிழைத்துக்கொள்ள வேண்டும். அதனால் 16 அவுன்ஸ் கொண்ட ஒரு பவுண்டு, கப்பலில் 14 அவுன்ஸாகவே அளக்கப்பட்டது. எட்டில் ஒரு பங்கு பர்சருக்கு. 1797இல் ஸ்பிட்ஹெட் நங்கூரத் தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் முழு எடையும் ஒன்று, அதைப் பெற்றும் விட்டார்கள். பர்சரைத் திருடர் என்று ஏசுவது அந்தக் காலத்து வழக்கம். ஆளுக்கு நியாயமான சம்பளம் கொடுக்காமல் கைவிட்ட நிர்வாகத்தையே முதலில் குற்றம் சொல்ல வேண்டும் என்பேன்.

இந்தத் தரத்திலிருந்து உலகம் அறிந்த பெயர்களும் வந்தன. ஜேம்ஸ் குக் 1757இல் மாஸ்டர் தேர்வில் தேறி, அந்த வாரண்டோடுதான் கனடாவின் கரைகளை அளந்து வரைபடம் போட்டார். லெப்டினென்ட் கமிஷன் அவருக்கு 1768இல், பசிபிக் பயணத்துக்குச் சற்று முன்புதான் கிடைத்தது. அவருடைய மூன்றாம் பயணத்தில் மாஸ்டராக இருந்த வில்லியம் பிளை பின்னாளில் பவுண்டி கப்பலின் தலைவரானார். 1789 ஏப்ரல் 28 அன்று அதில் கலகம் வெடித்தது. போசன் கோல், கன்னர் பெக்கோவர், தச்சர் பர்செல் மூவரும் கலகத்தில் சேராமல் பிளையோடு 23 அடிப் படகில் இறங்கினார்கள். தச்சரை விடலாமா கூடாதா என்று கலகக்காரர்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. கருவிப் பெட்டியோடு அவர் போனால் புதிதாகக் கப்பலே கட்டிவிடுவார் என்று அஞ்சினார்கள். கடைசியில் பெட்டி அவரோடு போயிற்று. அந்தத் திறந்த படகு 3,600 கடல் மைல்களுக்கு மேல் கடந்து தீமோர் போய்ச் சேர்ந்தது. வழியெல்லாம் பர்செல் பிளையோடு சண்டை போட்டபடியே வந்தார். வாரண்ட் அதிகாரியைக் கேப்டன் தன்னிச்சையாகக் கசையால் அடிக்க முடியாது, படைநீதிமன்றம் வைத்தே தண்டிக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு அவர் வாயைத் திறக்க வைத்தது. விசுவாசமும் எதிர்ப்பேச்சும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு அவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஹைதரும் திண்டுக்கல்லும்

1755இல் மைசூர் அரசு ஹைதர் அலியைத் திண்டுக்கல் பௌஜ்தாராக அனுப்பியது. சுற்றியிருந்த பாளையக்காரர்களை அடக்குவது அவருக்கு இட்ட வேலை. அவர் அதோடு நிற்காமல் இங்கே தன் படையைப் பெருக்கினார், பிரெஞ்சுக்காரர்களை வரவழைத்துப் பீரங்கித் தொழிலைக் கற்பித்தார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதருக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது: பீரங்கியைப் பிறப்பால் பெருமை பெற்றவனிடம் கொடுக்கக் கூடாது, அதை அறிந்தவனிடம் கொடுக்க வேண்டும்.

1763இல் பெத்னூரைப் பிடித்ததும் மேற்குக் கடற்கரையும் மங்களூர்த் துறைமுகமும் அவர் கைக்கு வந்தன. கப்பல்களைத் திரட்டி, முதலில் கண்ணூர் அலி ராஜாவிடம் பொறுப்பைக் கொடுத்தார். பின்னர் ஸ்டானெட் என்ற ஆங்கிலேயர் அந்த இடத்துக்கு வந்தார். அடுத்து நடந்ததுதான் விந்தை. குதிரைப் படையைச் சேர்ந்த லுத்ஃப் அலி பேக் என்பவரைக் கப்பற்படைக்குத் தலைவராக்கினார் ஹைதர். கடலிலேயே வாழ்ந்த கப்பல் தலைவர்களால் அதைப் பொறுக்க முடியவில்லை. 1768இல் பம்பாயிலிருந்து ஆங்கிலக் கப்பல்கள் தெற்கு நோக்கி வந்தபோது, ஹொன்னாவர் அருகே ஹைதரின் கப்பல்கள் பல எதிரி பக்கம் சேர்ந்துவிட்டன. மங்களூரும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அதைச் சில மாதங்களில் மீட்டார். போன கப்பல்கள் போனவையே.

திண்டுக்கல்லில் பீரங்கிக்குத் தொழில் அறிந்தவர்களைத் தேடிப் பிடித்த அதே மனிதர், கப்பலுக்கு அப்படிச் செய்யாமல் போனது வரலாற்றில் வருத்தம் தரும் இடம். எதிர்ப் பக்கத்தில் போசனும் கன்னரும் வாரண்டோடு இருந்தார்கள். கேப்டன் நாளை மாறினாலும் அவர்கள் வாரண்ட் போகாது. மைசூர்க் கப்பல்களில் அப்படி ஒரு உறுதிப்பாடு யாருக்கும் இல்லை.

சாரங்கும் தண்டலும்

இந்தியக் கடல்களில் வாரண்ட் அதிகாரியின் வேலையைச் செய்தவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். மாலுமிக் கூட்டத்துக்குத் தலைவர் சாரங்கு. அவருக்கு அடுத்தவர் தண்டல். தூத்துக்குடித் தோணிகளில் தோணியையே நடத்துபவர் தண்டல். சென்னைக்குத் துறைமுகம் கட்டப்படும் வரை கப்பலிலிருந்து கரைக்கு ஆளையும் சரக்கையும் கொண்டுவந்த மசூலாப் படகுகளின் பின்முனையில் நின்று, எந்த அலையில் ஏற வேண்டும் என்று சொல்லியவரும் தண்டலே. கவர்னர்களும் நீதிபதிகளும் அவர் ஒரு சொல்லுக்குக் காத்திருந்துதான் சென்னையில் கால் வைத்தார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை 1612இல் சூரத்தில் சில கப்பல்களோடு தொடங்கியது. 1686 முதல் அதற்குப் பம்பாய் மரைன் என்று பெயர். 1830இல் இந்தியன் நேவி, 1863இல் மறுபடி பம்பாய் மரைன், 1892இல் ராயல் இந்தியன் மரைன் என்று பெயர் மாறிக்கொண்டே போனது. அமைப்பு மட்டும் மாறவில்லை. கமிஷனும் வாரண்டும் ஐரோப்பியருக்கு, சாரங்கும் தண்டலும் இந்தியருக்கு. வேலை ஒன்றேதான். சம்பளமும் மரியாதையும் தோலின் நிறத்தைப் பார்த்துப் பிரிக்கப்பட்டன.

இந்தக் கடல் பதவிகள் கரையேறி உள்நாட்டுக்கும் வந்தன. கயிறு, கப்பி, பாரம் தூக்குவது ஆகியவற்றில் கடலோடிகளுக்கு இருந்த கைப்பழக்கம் பீரங்கி இழுக்கவும் தேவைப்பட்டது. ஆகவே கம்பெனியின் சென்னைப் பீரங்கிப் படையில் கன் லஸ்கர் என்ற பிரிவு ஏற்பட்டது. அதன் தலைவர்களுக்குச் சாரங்கு, முதல் தண்டல், இரண்டாம் தண்டல் என்றே பதவிகள். 1790 ஆகஸ்டில் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஹைதரின் மகன் திப்புவிடமிருந்து திண்டுக்கல் கோட்டையைப் பிடித்தபோது மலைக்கு எதிரே நின்றவை கம்பெனிப் பீரங்கிகள். 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இந்தச் சீமை முழுவதும் கம்பெனியிடம் வந்தது. மலைக்கோட்டையில் ஏறிப் பார்ப்பவர்கள் திப்புவையும் ஹைதரையும் நினைத்துக்கொள்கிறார்கள். பாறைமேல் பீரங்கி ஏற்றுவதற்குக் கயிறு பிடித்த கைகளையும் ஒரு கணம் நினைக்கலாம்.

பிரிட்டனில் நடந்த மாற்றங்கள்

வாரண்ட் அதிகாரிகளுக்குச் சீருடை 1787இல்தான் கிடைத்தது. கமிஷன்காரர்களுக்கு அது 1748லேயே கிடைத்துவிட்டது. 1843இல் மாஸ்டர், மருத்துவர், பர்சர் போன்றோருக்குக் கமிஷன் வழங்கப்பட்டது. போசன், கன்னர், தச்சர் மூவரும் கீழேயே நிறுத்தப்பட்டார்கள். படித்த தொழிலுக்கு ஒரு மரியாதை, கைத்தொழிலுக்கு வேறொரு மரியாதை என்ற பிரிவு அப்போது சட்டமாகவே ஆனது. நீராவி வந்ததும் 1837 முதல் எஞ்சினியர்களும் வாரண்ட் தரத்தில் சேர்ந்தார்கள். பத்து ஆண்டில் அவர்களில் மூத்தவர்களுக்குக் கமிஷன் கொடுக்க வேண்டிய கட்டாயம் வந்தது.

கீழ்த்தளத்திலிருந்து மேலே போகும் வழி அரிதாகவே திறந்தது. தாமஸ் லைன் என்ற கன்னர், தென்னாப்பிரிக்கக் கடலில் இயந்திரத் தண்டு முறிந்த டார்பிடோ படகுக்குப் பாய் கட்டிப் பிழைக்க வைத்தார். 1902இல் அவர் லெப்டினென்ட் ஆக்கப்பட்டார். 1931இல் ரியர் அட்மிரல் ஆனார். அவருடைய உயர்வை அன்றைய பத்திரிகைகள் அதிசயமாகப் பேசின, அத்தனை அபூர்வம் அது.

1949இல் பிரிட்டன் வாரண்ட் என்ற பெயரையே நீக்கிவிட்டு அவர்களைக் கிளை அதிகாரிகள் ஆக்கியது. 1956இல் அது சிறப்புப் பணிப் பட்டியல் ஆயிற்று. அனுபவம் முதிர்ந்த மாலுமிக்கு மேலே இடமில்லாத குறை மறுபடி தலைதூக்க, 1970இல் ஃப்ளீட் சீஃப் பெட்டி ஆபீசர் என்ற தரம் உருவானது. 1985இல் அதற்கே வாரண்ட் ஆபீசர் என்ற பழைய பெயர் திரும்பி வந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் பெயரில்லாமல் இருந்தும் தேவை போகவில்லை. சிங்கப்பூர் ஆயுதப் படைகளில் இன்றும் வாரண்ட் தரங்கள் பல படிகளாக இருக்கின்றன.

1946ம் அதன் பாடங்களும்

1934இல் ராயல் இந்தியன் நேவி அமைந்தபோது பிரிட்டனின் தரவரிசை அப்படியே இங்கே வந்தது. இந்தியருக்குக் கமிஷன் அதற்கு ஆறு ஆண்டு முன்புதான், 1928இல், எஞ்சினியரான டி.என். முகர்ஜிக்கு முதன்முதலாகக் கிடைத்திருந்தது. 1939இல் இரண்டாயிரத்துக்கும் குறைவான ஆட்களோடு இருந்த படை, போர் முடியும்போது இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டியது. கப்பல் வாங்கிவிடலாம், பள்ளிக்கூடம் முடித்த பையனை ஆறு மாதத்தில் சிக்னல் அனுப்பப் பழக்கிவிடலாம். இருபது ஆண்டு கடலில் கழித்த மூத்த மாலுமியை ஆறு ஆண்டுப் போருக்குள் உண்டாக்க முடியாது. புதிய பையன்களுக்கும் வெள்ளை அதிகாரிகளுக்கும் நடுவே நின்று, இரு பக்கமும் பேசக்கூடிய அனுபவசாலிகள் போதுமான அளவு இல்லை.

1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் சிக்னல் பள்ளியின் மாலுமிகள் சாப்பிட மறுத்தார்கள். மோசமான சோறு, கமாண்டரின் இழிவான பேச்சு, போர் முடிந்தும் வீடு திரும்ப முடியாத நிலை, எல்லாவற்றுக்கும் மேலே விடுதலை வேட்கை. சில நாட்களில் 78 கப்பல்களும் 20 கரைத்தளங்களும் சுமார் 20,000 மாலுமிகளும் அதில் இணைந்தார்கள். சென்னை அடையாறு தளத்திலும் அது எதிரொலித்தது. சோறு சரியில்லை என்ற குறை மேலே போய்ச் சேர ஒரு வழி இருந்திருந்தால் கலகம் நடந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். அது அரசியல் எழுச்சி, அதன் நியாயம் வேறு. ஆனால் ஒரு கப்பலில் நடுப்படி உடைந்திருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஐந்து நாட்கள் காட்டின.

குடியரசான பின்

1950 ஜனவரி 26 அன்று ராயல் என்ற அடைமொழி போய் இந்தியக் கடற்படை ஆனது. படைத் தலைமை இந்தியரிடம் வர இன்னும் எட்டு ஆண்டுகள் பிடித்தன. 1958 ஏப்ரல் 22 அன்று பொறுப்பேற்ற முதல் இந்தியத் தளபதி ராம் தாஸ் கட்டாரி செங்கல்பட்டில் பிறந்தவர்.

பிரிட்டனைப் பின்பற்றி இங்கும் வாரண்ட் பெயர் நீங்கியது. கீழிருந்து வந்தவர்களுக்கான கமிஷன் சிறப்புப் பணிப் பட்டியல் வழியாகக் கிடைத்தது. லெப்டினென்ட் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் எஸ்.டி.ஜி. என்றிருந்தால் அவர் பீரங்கிக் கிளையிலிருந்து உயர்ந்தவர், எஸ்.டி.பி. என்றிருந்தால் போசன் கிளைக்காரர். இராணுவத்தில் சுபேதார், சுபேதார் மேஜர் என்று ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) தரம் தொடர்ந்தது. விமானப்படை ஜூனியர் வாரண்ட் ஆபீசர், வாரண்ட் ஆபீசர், மாஸ்டர் வாரண்ட் ஆபீசர் என்று பழைய பெயரையே காப்பாற்றி வைத்திருக்கிறது. கடற்படை மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர் என்ற தரத்தை ஏற்படுத்தி, இரண்டாம் வகுப்பைச் சுபேதாருக்கும் முதல் வகுப்பைச் சுபேதார் மேஜருக்கும் இணையாக வைத்தது. கடலோரக் காவல் படையில் இதே படிகள் உத்தம் அதிகாரி, பிரதான் அதிகாரி என்று இந்திப் பெயர்களில் இருக்கின்றன.

கப்பலில் மாஸ்டர் சீஃப் இல்லாத வேலை இல்லை. இயந்திர அறையில் அவர் ஆர்ட்டிஃபிசர் எனப்படும் தொழில்நுட்ப மாலுமி, மேல்தளத்தில் மாலுமிகளின் ஒழுங்கு பார்ப்பவர், மருந்தறையிலும் கணக்கறையிலும் மூத்தவர். எந்த வால்வு மழைக்காலத்தில் சிக்கும் என்று புத்தகத்தில் இருக்காது, அவரிடம் இருக்கும். புதிதாக வந்த சப்-லெப்டினென்ட் பதவியில் அவருக்கு மேல். ஆனால் முதல் ஆண்டு முழுவதும் அந்த இளைஞர் கற்றுக்கொள்வது பெரும்பாலும் அவரிடமே. ஓய்வு வயது 57. கடைசிக் காலத்தில் தகுதி பார்த்துக் குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் கௌரவ சப்-லெப்டினென்ட், கௌரவ லெப்டினென்ட் பட்டங்கள் தரப்படுகின்றன.

இந்தப் படிக்கு ஆளைத் தயார் செய்யும் இடம் ஒன்று தமிழ்நாட்டிலேயே, அதுவும் கடல் இல்லாத ஊரில் இருக்கிறது. கோவை ரெட்ஃபீல்ட்ஸ் பகுதியிலுள்ள ஐ.என்.எஸ். அக்ரணி, பெட்டி ஆபீசர்களுக்கும் அவர்களுக்கு மேற்பட்ட மூத்த மாலுமிகளுக்கும் தலைமைப் பயிற்சி அளிக்கும் தளம். திண்டுக்கல்லிலிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியே போனால் அதே நாளில் போய்ச் சேரலாம். ஆயுதமும் இயந்திரமும் ஜாம்நகரிலும் லோனாவ்லாவிலும் கொச்சியிலும் கற்கலாம். ஆட்களை நடத்துவதைக் கற்க நாடு முழுவதிலிருந்தும் கோவைக்கு வருகிறார்கள். தொழில் தெரிந்தால் போதும், தலைமை தானாக வரும் என்ற பழைய நம்பிக்கையைக் கைவிட்டது கடற்படையின் நல்ல முடிவு.

திண்டுக்கல், வேடசந்தூர், நத்தம் பக்கத்துப் பையன்களுக்கு நேவியில் சேர்வது என்றால் அண்மைக்காலம் வரை பதினைந்து ஆண்டு ஒப்பந்தம், ஆர்ட்டிஃபிசராகச் சேர்ந்தால் இருபது ஆண்டு. பிடித்திருந்து தகுதியும் இருந்தால் நீட்டித்துக்கொண்டே போய் மாஸ்டர் சீஃப் ஆகலாம். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் அந்த வழியைக் குறுக்கியது. இப்போது நான்கு ஆண்டுகள், அதன் முடிவில் கால் பங்கு பேர் வரைதான் நிரந்தரமாகத் தொடர முடியும். இளமையான படை வேண்டும் என்பது அரசின் வாதம். இந்தத் தரத்தின் வரலாற்றைப் படித்தவருக்கு ஒரு கவலை எழாமல் போகாது: மாஸ்டர் சீஃப் ஆக இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இனி நான்காம் ஆண்டிலேயே சுருங்கிவிடுகிறது. தொடரப்போகும் அந்தக் கால் பங்கைப் பொறுக்கும்போது உடல் வலுவோடு கற்பிக்கும் குணத்தையும் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் முன் எப்போதும் இல்லாத விதத்தில் மாறியிருக்கிறது. ஒடிசாவின் ஐ.என்.எஸ். சில்காவில் 2023 மார்ச் 28 அன்று பயிற்சி முடித்து வெளிவந்த, அக்னிபத் திட்டத்தின் முதல் அக்னிவீரர் அணியில் 273 பெண்கள் இருந்தார்கள். மாலுமித் தரத்தில் பெண்கள் சேர்ந்தது அதுவே முதல் முறை. அவர்களில் நிரந்தரமாகத் தொடர்பவர்களிலிருந்தே கடற்படையின் முதல் பெண் மாஸ்டர் சீஃப் வர முடியும். அதற்கு 2040களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.